ஆப்டா கிளையும் ஐந்து குழந்தைகளும்

கராடியில் மகன் வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. பேத்திக்கு இரண்டரை வயது. அவள் போகும் விளையாட்டுப் பள்ளியிலிருந்து சென்ற வாரம் மருமகளின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. இது இலையுதிர் கால வாரமாம். குழந்தைகள் இலைகளை ஒட்டி ஆந்தை செய்யப் போகிறார்களாம். ஆரஞ்சு இலை நான்கு, சிவப்பு இலை நான்கு, பழுப்பு இலை நான்கு கொடுத்தனுப்ப வேண்டும். வீட்டில் வேலையற்றவன் நான்தான் என்பதால் அந்தப் பன்னிரண்டு இலைகளைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கீழே போய்ப் பார்த்தேன். வளாகத்தில் முப்பத்தொரு மரங்கள். மழை முடிந்த கையோடு முப்பத்தொன்றும் பச்சைப் பசேலென்று நின்றன. உதிர்ந்து கிடந்தவை ஏழு. ஏழும் மஞ்சள், அதில் இரண்டைப் பூச்சி அரித்திருந்தது. நான் குனிந்து குனிந்து நிமிர்வதைப் பார்த்த காவலாளி, ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து விளக்குமாற்றோடு உதவிக்கு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு என் மகனுக்குப் போன் செய்தான். கடைசியில் மருமகள் காகித இலைகளை வரவழைத்தாள். ஐந்து முனையுள்ள ஆரஞ்சு இலைகள், பொட்டலத்துக்கு இருபத்து நான்கு.

“இந்த இலை இந்த ஊர்ல எந்த மரத்துல இருக்குது?” என்று மகனைக் கேட்டேன்.

“அப்பா, அது குழந்தைங்க விளையாட்டு. விடுங்களேன்” என்றான்.

விட முடியவில்லை. இலையும் பசையும் கையில் கிடைத்த சின்னக் குழந்தைகள் எதையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடுவார்கள் என்பதை இதே ஊரில் ஒரு தசரா அன்று பார்த்தவன் நான். அன்று பெரியவர்கள் முகத்தில் கண்ட அதிர்ச்சிக்குக் காரணம் எனக்கு விளங்கப் பல வருஷங்கள் ஆயின. விளங்கிய பிறகு அந்த அதிர்ச்சி எனக்கு வந்தது. இன்னும் போகவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. அப்பா ராணுவக் கணக்கு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. இதே ஊரின் இன்னொரு பகுதியான கட்கியில் ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள் கொண்ட வரிசையில் மூன்றாவது வீடு எங்களுடையது. எட்டு வீட்டுக்கும் பின்பக்கம் ஒரே குழாய், அதன் அடியில் ஒரு சிமெண்டுத் தொட்டி. அடுத்த வீட்டில் அப்பாவின் மேலதிகாரியான தலைமைக் குமாஸ்தா இருந்தார். அவர் மனைவியை வரிசைக் குழந்தைகள் எல்லோரும் காக்கு என்போம். மராத்தியில் சித்தியையும் பெரியம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். காக்குவுக்குக் குரல் பெரிது. அவர் தன் வீட்டுக்குள் ரகசியம் பேசினால் எட்டாவது வீட்டில் பதில் சொல்லலாம்.

அந்த வருஷம் மழைக்காலத்தின் கடைசியில் ஆரணியிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. மாமாவுக்கு ஆரணியில் பட்டுக்கடை, இரண்டு மாடி வீடு. அந்தச் சம்பந்தத்தை முன்னின்று முடித்தது அப்பாதான். அந்தப் பெருமையை அவர் பல தடவை சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அத்தை மட்டும் தனியாக ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது அப்பா முதலில் கேட்டது, “மாப்பிள்ளை எங்கே?” என்றுதான்.

அத்தை காரணம் எதுவும் சொல்லவில்லை. “கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேண்ணா” என்றாள்.

“கோவிச்சுக்கிட்டு வந்திருக்கா. புருஷன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும், பொறுத்துப் போகணும்” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அலுவலகத்தில் ஒருவர் தசராவுக்கு மறுநாள் குடும்பத்தோடு மதராஸ் ரயிலில் போவதாக இருந்தார். அவர்களோடு சேர்த்து அத்தையை அனுப்புவது என்றும், துணைக்கு நானும் போய்த் தீபாவளி வரை ஆரணியில் இருந்துவிட்டு வரலாம் என்றும் முடிவாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரயில், மாடி வீடு, மத்தாப்பு என்று கனவிலேயே இருந்தேன்.

அத்தை வேறு கணக்குப் போட்டாள். வந்த இரண்டாம் நாளே எட்டு வீட்டிலும் புதிதாக நடக்கத் தொடங்கியிருந்த குழந்தைகளை எல்லாம் கூட்டிவைத்துக்கொண்டாள். மொத்தம் ஐந்து. என் தம்பி, காக்குவின் கடைக்குட்டி பாளு, ஐந்தாம் வீட்டு இரட்டைப் பெண்கள், கடைசி வீட்டு மொட்டைத்தலைக் குழந்தை. ஒருத்தருக்கும் மூன்று வயது நிரம்பவில்லை. அத்தைக்கு மராத்தி ஒரு சொல் தெரியாது. அவர்களில் தம்பியைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அது இரு தரப்புக்கும் பெரிய குறையாகத் தோன்றவில்லை.

பொம்மை வாங்கித்தர யாரும் இல்லாததால் அத்தை மரத்தடியில் கிடந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டாள். குல்மோகர் மரத்தின் காய்ந்த நீளக் காய்களை ஆளுக்கொன்று கொடுத்துக் கிலுகிலுப்பை என்றாள். வாடிய செவ்வந்தியைப் பிய்க்கச் சொல்லி, இதழ்களைக் கஞ்சிப் பசையால் பழைய செய்தித்தாளில் ஒட்டவைத்தாள். பசையில் பாதி வயிற்றுக்குள் போகும். அது வெறும் கஞ்சிதானே என்பாள். மஞ்சளில் சிட்டிகை சுண்ணாம்பு குழைத்தால் வரும் ஆரத்திச் சிவப்பில் அரச இலையைத் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினால் நரம்பெல்லாம் பதியும். அதைப் பார்த்து பாளு போட்ட கூச்சலில் காக்குவே கரண்டியோடு ஓடிவந்துவிட்டார்.

வந்தவர் நின்று பார்த்தார். அன்று மாலை வாசலில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். “உங்கள் தங்கை வந்ததிலிருந்துதான் நான் அடுப்பைப் பார்த்துச் சமைக்கிறேன். அதற்கு முன் பாளு எந்தத் தொட்டியில் விழுந்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே சமைப்பேன்” என்று மராத்தியில் சொன்னார். எட்டு வீடும் கேட்டது.

அந்தத் தைரியத்தில்தான் அத்தை இரவுச் சாப்பாட்டின்போது, “அண்ணா, தீபாவளி வரைக்கும் இருக்கட்டுமா? இங்க எல்லாருக்கும் உதவியாத்தானே இருக்கேன்” என்றாள்.

மேலதிகாரியின் மனைவி சொன்னது அப்பாவுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துதான் இருந்தது. “தசரா ஆகட்டும். அன்னிக்குச் சாயங்காலம் சொல்றேன்” என்றார். அத்தை அதற்குப் பிறகு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ரயில் என்ன ஆவது?

இந்த ஊர்த் தசராவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்று மாலை எல்லோரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் ஆப்டா மரத்தின் இலையைக் கொடுப்பார்கள். இரண்டு மடலாகப் பிளந்த, இதயம் போன்ற சிறிய இலை. நம் பக்கத்து ஆத்தி மரம்தான் அது. அன்று ஒருநாள் மட்டும் அது இலை இல்லை, பொன். பூஜையில் வைத்து, “சோன க்யா”, அதாவது பொன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரியவர்கள் கையில் கொடுத்துக் காலில் விழுவார்கள். எங்கள் வரிசையில் தலைமைக் குமாஸ்தாதான் காலையில் ஒரு பெரிய கிளையை வெட்டிவந்து குழாயடித் தொட்டித் தண்ணீரில் போட்டுவைப்பார். எட்டு வீட்டுக்கும் பொன் அதிலிருந்துதான்.

இது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அத்தைக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று அப்பாவும் நானும் சைக்கிளுக்குப் பூஜை போடச் செவ்வந்தி மாலை வாங்கக் கடைவீதிக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினோம். நான் முன்கம்பியில் உட்கார்ந்து மாலையில் பூக்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அறுபத்து மூன்றிலோ நான்கிலோ இருக்கும்போது அப்பா சட்டென்று சைக்கிளை நிறுத்தினார். கம்பியில் என் மூக்கு இடித்தது.

எங்கள் வீட்டு முன்னால் ஐந்து குழந்தைகளும் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் விளக்குமாற்றுக் குச்சியால் தைத்த ஒரு குட்டி இலைத்தட்டு. தட்டில் எலுமிச்சை அளவு தயிர்சாத உருண்டை. பக்கத்தில் தைத்து முடித்த தட்டுகள் ஓர் அடுக்காக இருந்தன. நடுவில் கிளை கிடந்தது, உரித்த கோழி மாதிரி, ஓர் இலைகூட இல்லாமல்.

குழந்தைகள்தான் அதைத் தொட்டியிலிருந்து இழுத்து வந்திருக்கிறார்கள். ஐந்து பேரும் சேர்ந்து எறும்பு வெல்லக்கட்டியை இழுப்பதுபோல இழுத்து வந்து அத்தை காலடியில் போட்டிருக்கிறார்கள். அத்தைக்கு ஒரே சந்தோஷம். “பாருங்கண்ணா, மந்தார இலை இந்த ஊர்லயும் இருக்குது! கொஞ்சம் சின்னது. நம்ம ஊர்ல சோறு போடற மாதிரியே தைச்சுக் குடுத்தேன். ஒருத்தரும் அடம் பண்ணாம சாப்பிடறாங்க” என்றாள். அதற்குள் மொட்டைத்தலைக் குழந்தை தட்டை விட்டுவிட்டு அவள் மடியில் ஏறித் தூங்கிவிட்டது.

அம்மா உள்ளேயிருந்து வந்து பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே?” என்றார் அப்பா. அவர் கத்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. “இது சாமிக்கு வைக்கறது. எட்டு வீட்டுக்கும் வச்சிருந்தது. எச்சில் பண்ணி வச்சிருக்கியே!”

“எனக்குத் தெரியாதுண்ணா... எங்க ஊர்ல இது...”

“உங்க ஊருக்கே போ. நாளைக்கு வண்டி. இனிமே ஒரு பேச்சு கிடையாது.”

அத்தையின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். ஓர் இலைக்காக இவ்வளவு பயப்படுகிறாளே என்று நினைத்தேன். எனக்கு என் ரயில் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் காக்கு வந்தார். ஒன்பது கஜப் புடவை, மூக்கில் முத்து நத்து, கையில் செம்புத் தாம்பாளம். பொன் எடுத்துப்போகத் தொட்டிக்குப் போய், அது காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு வருகிறார்.

“அக பாயீ!” என்று ஒரு அலறல். தாம்பாளம் தரையில் விழுந்து வட்டமடித்தது. இரட்டைப் பெண்கள் இருவரும் ஒரே சுருதியில் அழ ஆரம்பித்தார்கள். “பொன்! எட்டு வீட்டுப் பொன்! அதில் தயிர்சாதமா? இவள் கண் எங்கே போயிற்று? ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?”

“வஹினி, மன்னிச்சுடுங்க” என்று அப்பா கைகூப்பினார். வஹினி என்றால் அண்ணி. “தெரியாம பண்ணிட்டா. நாளைக்கே ஊருக்கு அனுப்பிடறேன்.”

இத்தனை களேபரத்திலும் பாளு தன் வேலையை விடவில்லை. அவன் சாப்பிட்டு முடித்துவிட்டுச் ஆரத்திச் சிவப்புக் கிண்ணத்தில் ஓர் இலையைத் தோய்த்து அத்தையின் இடது புறங்கையில் பதித்துக்கொண்டிருந்தான். விரலிலிருந்து மணிக்கட்டு வரை ஆறு இலைகள் ஆகியிருந்தன. அதற்கு மேல் இடமில்லை, ரவிக்கைக் கை வந்துவிட்டது. அத்தை எப்போதும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவாள். இங்கே அக்டோபர் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆரணியில் இப்போது இதுதான் நாகரிகம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். பாளுவுக்கு நாகரிகம் என்ன தெரியும்? அவனுக்கு இடம் வேண்டும். ரவிக்கைக் கையைப் பிடித்து மேலே தள்ளினான். மடியில் குழந்தையும் இன்னொரு கையில் தம்பியுமாக இருந்த அத்தை, “வேணாம்டா கண்ணு, வேணாம், வேணாம்” என்று கையை இழுத்துக்கொள்வதற்குள் முழங்கைக்கு மேல்வரை ஏற்றிவிட்டான்.

உள்பக்கச் சதையில் வட்டவட்டமாகத் தழும்புகள் இருந்தன. சில பழுப்பு, சில இன்னும் சிவப்பு. பாளு ரொம்பவும் யோசித்து, இரண்டு தழும்புகளுக்கு நடுவில் தன் இலையை அழுத்தினான்.

காக்கு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். 

எனக்கு எதைப் பார்த்தாலும் எண்ண வேண்டும். கிட்டே போய் எண்ணினேன், உரக்க. ஏழு, எட்டு, ஒன்பது. “அத்தைக்கு ஒன்பது அம்மைத் தழும்பு!” என்று எல்லோருக்கும் அறிவித்தேன். எனக்கு அம்மை குத்திய தழும்பு இரண்டு, அம்மாவுக்கு நான்கு. நான் அறிந்தவர்களில் ஒன்பது யாருக்கும் இல்லை. எந்த வியாதியும் இனி அத்தையை நெருங்க முடியாது என்று பெருமையாக இருந்தது. அதையே காக்குவுக்கு மராத்தியிலும் சொன்னேன்.

காக்கு என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெரிய உடம்போடு தரையில் மண்டியிட்டு அத்தையின் கையைத் திருப்பிப் பார்த்தார். “யார் செய்தது என்று கேள்” என்றார் என்னிடம். அவருக்கு அவ்வளவு சின்னக் குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

நான் கேட்டேன்.

“சமைக்கும்போது சுட்டுக்கிட்டேன்னு சொல்லு” என்றாள் அத்தை.

சொன்னேன். காக்கு தலையசைத்தார். “நான் இருபது வருஷமாகச் சமைக்கிறேன். எந்த ஊர் அடுப்பு ரவிக்கைக்குள் புகுந்து எண்ணி எண்ணிச் சுடும், கேள்.”

அதையும் கேட்டேன்.  அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் அண்ணன் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காக.

அப்பா இன்னும் கூப்பிய கையை எடுக்க மறந்து நின்றார். செவ்வந்தி மாலை கீழே விழுந்து சைக்கிள் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. “அவரா?” என்றார்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். யார் அந்த அவர் என்று நான் அம்மாவைக் கேட்டேன். அம்மை குத்த வந்த ஆளாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். 

“பொறுத்துப் போன்னு சொன்னேனே” என்றார் அப்பா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. திரும்பவும் அதையே சொன்னார்.

காக்குதான் முதலில் எழுந்தார். குழந்தைகள் சாப்பிடாத தட்டுகளைப் பிரித்து வைத்தார். பன்னிரண்டு தேறின. குச்சிகளை ஒவ்வொன்றாக உருவினார். தட்டு மறுபடி இலையாயிற்று, ஒவ்வோர் இலையிலும் இரண்டிரண்டு துளைகளோடு. தாம்பாளத்தில் அடுக்கித் தன் வீட்டுச் சாமி முன் வைத்துவிட்டு வந்தார். முதல் இலையை அத்தையின் சிவப்புப் படிந்த கையில் வைத்து, “சோன க்யா” என்றார். அத்தை அவர் காலைத் தொடக் குனிந்தபோது தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு அப்பாவிடம் திரும்பினார். பழைய குரல் வந்துவிட்டிருந்தது.

“நாளைக் காலை பாளுவை இங்கேதான் கொண்டுவந்து விடுவேன். நாளை மறுநாளும் விடுவேன். இவளை ரயிலேற்ற வேண்டுமானால் என் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் பாருங்கள்.”

“தாண்டமாட்டேன் வஹினி” என்றார் அப்பா.

அன்று மாலை எட்டு வீடுகளிலும் துளை விழுந்த பொன்னைத்தான் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். ஏன் இப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா யார் வீட்டுக்கும் போகவில்லை. அத்தையின் தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில், சுவரோரம்வரை தள்ளிவைத்தார். வெளியே இழுக்க இரண்டு ஆள் வேண்டும், அத்தனை உள்ளே.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ரயில் போயிற்று. மாடி வீடு போயிற்று. நான் மூலையில் போய் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். கைச் சிவப்பைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“ஏண்டா அழறே?”

“நீ போகலன்னா மாமாவாவது தீபாவளிக்கு இங்க வருவாரா?”

“எதுக்கு மாமா?”

கல்யாணத்தின்போது மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு சிகரெட் புகையில் வட்டம் விட்டுக் காட்டியிருந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு. அடுத்த தடவை ஐந்து விடுகிறேன் என்று சொல்லியிருந்தார். அதை அத்தையிடம் சொன்னேன். அவள் எண்ணெய்க் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“மாமா மாதிரி அவ்வளவு சரியா வட்டம் போட யாராலயும் முடியாது, இல்ல அத்த?” என்றேன்.

“முடியாதுப்பா” என்றாள்.

அத்தையும் என் கட்சிதான் என்று தெரிந்ததும் எனக்கு அழுகை நின்றுவிட்டது.